கிணற்றில் பக்கத்துக் கழிவுநீர் கலக்கிறதா? முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் மணல் நிலம். மேலே ஊற்றுவது கடகடவென்று கீழே இறங்கிவிடும். மாரியில் நிலத்தடி நீர் ஏறினால் மலக்குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடும். இதற்குமேல் பக்கத்து விடுதியின் குளியலறைத் தண்ணீரும், பின்மதில் ஓட்டையால் சாம்பல் நிறத்தில் சவர்க்கார நுரையோடு வளவுக்குள் வந்தால் அந்தக் குடும்பம் எதைக் குடிக்கும்?

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி, வர்த்தமானியில் குறித்த தொழில்கள் கழிவை வெளியே விடச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்கவேண்டும். சிறியவற்றுக்குப் பிரதேச சபையும் பெரியவற்றுக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையும் கொடுக்கும். சட்டம் இவ்வளவு தெரிந்தால் போதும்.

முறையிடப் போனால் முதலில் கேட்பது, "அவங்களிட்ட லைசென்ஸ் இருக்கு" என்ற பதில். பெரும்பாலும் அது வியாபார உரிமம். கழிவை வெளியே விட அது அனுமதி ஆகாது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் பிரதியையும் அதிலுள்ள நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டால், தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும்.

அடுத்தது பந்தாட்டம். சபைக்குப் போனால் அதிகார சபை என்பார்கள், அங்கே போனால் சுகாதாரப் பணிமனை என்பார்கள். ஒரே கடிதத்தை மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள். பிரதி யார் யாருக்குப் போகிறது என்று அடியில் எழுதுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். குத்த மறுத்தால் பதிவுத் தபால். ஊரே சேர்ந்து ஒரு பெட்டிசம் போடுவதைவிட, ஒவ்வொரு வீடும் தனித்தனியாக எழுதுவது நல்லது. ஒரு கடிதத்தை ஒரு ஃபைலுக்குள் மூடிவைப்பது சுலபம்.

காணி உறுதி கேட்பார்கள். போரில் வீடு வாசலோடு கடதாசிகளையும் இழந்த சம்பூர்ச் சனத்திடம் இதைக் கேட்பது எவ்வளவு அநியாயம்! கழிவுநீர் பற்றி முறையிடக் காணி உங்கள் பேரில் இருக்கத் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் முறையிடலாம்.

பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் பார்ப்பது உங்கள் மலக்குழியைத்தான். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இல்லையென்றால் பழி உங்கள் தலையில் விழும், விடுதிக்காரர் தப்பிவிடுவார். அதனால் உங்கள் பக்கத்தை முதலில் சரிபாருங்கள். குழி நிரம்பியிருந்தால் சபையின் பவுசரைக் கூப்பிடுங்கள். காசைச் சாரதி கையில் கொடுக்காமல் அலுவலகத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு எடுங்கள்.

தண்ணீரைச் சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலில் எடுத்து, குளிரில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். பீஎச்ஐயே மாதிரி எடுக்கவேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில், பொதுத்தொல்லையை அகற்ற நீதவான் கட்டளையிடலாம். முத்திரை குத்திய அந்தக் கடிதங்கள் அங்கேதான் உதவும்.

பதில் சிங்களத்தில் வந்தால் யாரிடமாவது வாசிக்கக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் தரவேண்டும். அதே கடிதத்தைத் திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள்.