காது கேட்கிறது, சேதிதான் போகவில்லை

"எனக்கும் அவருக்கும் காது நன்றாகக் கேட்கும். பிள்ளைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவர். மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று வாசலில் நின்றதுதான் காரணம் என்கிறார்களாம் வீட்டில்.

அம்மா, கிரகணத்தை விடுங்கள். பழுதான மரபணுவின் பிரதி உங்களிடம் ஒன்று, அவரிடம் ஒன்று இருந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பிள்ளைக்குப் போக நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

எந்த மரபணு என்பதுதான் சிக்கல். பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் மரபணு ஆய்வாளர் கிறிஸ்டின் பெத்தி, காது கேளாமைக்கான மரபணுக்களைத் தேடத் தொடங்கியபோது, ஐரோப்பியக் குடும்பங்கள் அவ்வளவாக உதவவில்லை. அங்கே காது கேளாதவர்கள் பலர் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொள்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு மூன்று மரபணுக்களின் பழுது கலந்து கிடக்கும். ஆகவே, வெளிக்கலப்பு குறைந்த, சொந்தத்தில் மணக்கும் குடும்பங்களைத் தேடினார். துனிசியாவின் இரண்டு குடும்பங்களை வைத்து, பழுது 13ஆம் குரோமோசோமில் இருப்பதை அவர் குழு 1994இல் காட்டியது. அந்த மரபணு கனெக்சின் 26 என்பது 1997இல் உறுதியானது. ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் பிழை சின்னதுதான்: டி.என்.ஏ.வில் வரிசையாக ஆறு 'ஜி' எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் ஐந்துதான் இருக்கும். இந்தியாவில் அதே மரபணுவில் வேறொரு பிழை அதிகம். அந்த மரபணுவிலிருந்து உருவாகவேண்டிய புரதம் 24ஆவது அமினோ அமிலத்திலேயே நின்றுபோகிறது.

ஆனால் எனக்குப் பிடித்த கதை ஓட்டோஃபெர்லின். இந்த மரபணுவையும் பெத்தியின் குழுதான் 1999இல் கண்டுபிடித்தது.

உள்காதின் நத்தைச்சுருளில் இரண்டு வகை மயிர்ச்செல்கள் உண்டு. வெளிவரிசைச் செல்கள் ஒலிக்கு ஏற்பத் தாங்களே நீண்டு சுருங்கி அதைப் பெரிதாக்குகின்றன. உள்வரிசைச் செல்கள், சுமார் 3500தான், நரம்புக்குச் சேதி அனுப்புகின்றன. செல்லின் அடியில் குளூட்டமேட் என்ற சேதி சொல்லும் வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகள் வரிசைகட்டி நிற்கும். ஒலி வந்ததும் கால்சியம் உள்ளே பாயும். பைகள் உடைந்து குளூட்டமேட் நரம்பின் மேல் கொட்டும். ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை, தாளம் தப்பாமல். கால்சியம் வந்ததை உணர்ந்து பையைத் திறக்கச் செய்வது, இந்த மரபணுவிலிருந்து உருவாகும் ஓட்டோஃபெர்லின் புரதம்தான் என்று பெத்தியின் குழு 2006இல் காட்டியது.

அது இல்லாவிட்டால்? மற்றதெல்லாம் வேலை செய்யும், சேதி மட்டும் கிளம்பாது. வெளிவரிசைச் செல்கள் நன்றாக இருப்பதால் காது எதிரொலியும் தரும். பிறந்த குழந்தையின் காதில் சின்னக் குழாயை வைத்து அந்த எதிரொலியைக் கேட்கும் பரிசோதனையில் 'பாஸ்' என்று வந்துவிடும். பெற்றோர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். இன்னொரு விசித்திரம்: இந்த மரபணுவின் சில பிழைகள் உள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் காது கேட்காமல் போய்விடும், காய்ச்சல் இறங்கினால் திரும்பக் கேட்கும். சூடு ஏறியதும் அந்தப் புரதம் கைவிட்டுவிடுகிறது. நம் ஊரில் இதற்கு எத்தனை மந்திரித்த கயிறு கட்டியிருப்பார்களோ!

சரி, சரிசெய்ய முடியுமா? மரபணுவைச் சுமந்து போகும் வைரஸில் ஏறக்குறைய 4700 எழுத்துதான் கொள்ளும். ஓட்டோஃபெர்லினுக்கோ சுமார் 6000 வேண்டும். ஆகவே இரண்டாக வெட்டி, இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் ஒட்டவைக்கிறார்கள். ஷாங்காயில் இப்படிச் சிகிச்சை பெற்ற ஆறு குழந்தைகளில் ஐந்து பேருக்குக் கேட்கத் தொடங்கியது என்று 2024இல் செய்தி வந்தது. மரபணு கிடைத்து 25 ஆண்டுகள் கழித்து. நம் ஊரில் ஆராய்ச்சிக்கு மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு "என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்கிறோம்.

பெத்திக்கு 2018இல் இருவருடன் சேர்த்து நரம்பியலுக்கான காவ்லி பரிசு கிடைத்தது. வாசகிக்கு ஒன்று: அடுத்த பிள்ளை பிறந்தால் எதிரொலிப் பரிசோதனையோடு நிறுத்தாமல் 'பெரா' பரிசோதனையும் கேளுங்கள். சேதி மூளை வரை போகிறதா என்று பார்ப்பது அதுதான். மூத்த பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்து வைத்திருந்தால், எதைத் தேடவேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.