வரைபடத்தில் இல்லாத மடை

நாகர்கோவிலில் நான் நடத்தும் தெருநடைக்கு முதன்முறை வருபவர்கள், கோயிலும் பழைய கட்டடமும் காட்டுவேன் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். நாங்கள் பார்ப்பது ஓடையும் நடைபாதையும் கடை வாசலும். காலை ஆறரைக்கு வடசேரி கனகமூலம் சந்தை முன்னால் கூடி, மணிமேடை, வேப்பமூடு வழியாகச் செட்டிகுளம் வரை மெதுவாக நடப்போம். இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கூட்டம் கூடினால் பின்னால் வருபவருக்குக் காது கேட்காது. நடந்து முடித்தபின் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவோம். பேச்சை முதலில் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. நான் சொன்னதையே எல்லோரும் தெருவில் தேடினார்கள்.

நகரமைப்பு என் தொழில். வேலைக்கு வந்த புதிதில் வேறோர் ஊரின் சந்தையைப் புதுப்பிக்க நானும் வரைபடம் போட்டேன். காய்கறியை மாடிக்கு ஏற்றினோம். பேப்பரில் அழகாக இருந்தது. கட்டி முடித்தபின் தலைச்சுமையோடு அந்தப் படியில் யாராலும் ஏற முடியவில்லை, வாங்க வருபவர்களும் ஏறவில்லை. மாடியில் கடை கிடைத்த பெண்கள் கீழே வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு சந்தை நாள் அங்கே போய் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் இழந்த வருமானத்தில் என் கோடுகளுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு, நடக்காமல் நான் எதையும் வரைவதில்லை.

நடையில் நான் கொடுக்கும் ஒரே கருவி அளவு டேப். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5 மீட்டர் இருக்க வேண்டும். விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது அரையடி. ஒரு திருப்பத்தில் அளந்தபோது அது ஒரு அடிக்கும் மேல் வந்தது. பூ வாங்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தானாகவே சொன்னார்: "அதுல ஏற மூட்டு விடாது மக்களே. நான் ரோட்டுல எறங்கித்தான் நடக்கேன்." அன்று வந்திருந்த கல்லூரி மாணவர்கள் அதன்பிறகு எல்லா விளிம்பையும் அளந்தார்கள்.

சாலையைக் கடப்பதும் அப்படித்தான். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று கணக்கு வைத்து சிக்னல் நேரம் போடுவது வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு அது 10 நொடி. நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 நொடி வேண்டும். அந்த 5 நொடியும் அவர் பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறார்.

ஒரு நடையில், மழைக்கு மழை முழங்கால் தண்ணீர் நிற்கும் ஒரு சந்துக்குள் போனோம். 2021 நவம்பர் மழையில் அங்கே வீடுகளுக்குள்ளும் புகுந்திருக்கிறது. ஓடையை இன்னும் அகலமாக்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். எண்பதைத் தாண்டிய பாட்டா ஒருவர் திண்ணையிலிருந்து இறங்கிவந்து கைத்தடியால் ஸ்லாபைத் தட்டினார். "இதுக்குக் கீழ மடை உண்டு. வெள்ளம் அது வழியாத்தான் வயலுக்குப் போவும்" என்றார். எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். நாலு பேர் சேர்ந்து ஸ்லாபை நகர்த்தினோம். கருங்கல் மடை, அச்சு மாறாமல் இருந்தது. பாதிக்கு மேல் செங்கல் துண்டும் சிமெண்டு சாக்கும் அடைத்துக்கிடந்தன. என் கையிலிருந்த எந்த வரைபடத்திலும் அது இல்லை.

எங்கள் ஊர்ப் பெயர்களைக் கவனித்துக் கேட்டாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். விளை என்று முடிந்தால் மேட்டு நிலம், தோப்பு. பற்று, ஏலா என்றால் வயல். செட்டிகுளம் சந்திப்பில் நின்று "குளம் எங்கே?" என்று நான் கேட்பதும் அதற்காகத்தான். சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் யோசிப்பார்கள்.

இங்கேதான் ஸ்மார்ட் குரோத் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இதை ஸ்மார்ட் சிட்டியோடு குழப்பிக்கொள்கிறோம். ஸ்மார்ட் சிட்டி, 2015 ஜூனில் மத்திய அரசு 100 நகரங்களுக்குத் தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் 11 நகரங்கள், அதில் நாகர்கோவில் இல்லை. ஸ்மார்ட் குரோத் என்பது ஊர் எந்தப் பக்கம் வளரலாம் என்ற முடிவு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1997-இல் இதற்குச் சட்டம் போட்டது. வளர்ச்சிக்கான அரசுப் பணம், ஏற்கெனவே ஊராக இருக்கும் பகுதிகளுக்கும் அதற்கென்று குறித்த இடங்களுக்கும் முதலில் போக வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் நடப்பது தலைகீழ். ஊருக்குள் பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்கும். வெளியே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் மண்ணடித்து மனை போடுவார்கள். பிறகு அங்கே சாலை, குழாய், விளக்கு, குப்பை வண்டி எல்லாம் நம் வரியில்தான் போக வேண்டும். வயலுக்குப் பாய்ந்த சானல், அதாவது கால்வாய், சாக்கடையாகிவிடும். களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் நெல்வயலையும் நீர்நிலத்தையும் காக்க 2008-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. உள்ளூர் அளவில் வயல்களைப் பட்டியலிட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது அது. இந்தப் பக்கமும் அப்படியொரு பட்டியலை நாம் கேட்டே ஆக வேண்டும்.

அதற்காக, ஊருக்குள் புதுப்பிப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். நடைபாதையை அழகாக்கும்போது முதலில் விரட்டப்படுவது கூடை வைத்து விற்பவர்தான். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அவர்களை இடம் மாற்ற முடியாது. தெரு வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். சந்தை வாசலில் இதைச் சொல்லும்போது பலர் முதன்முறையாகக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள்.

இப்படி நடப்பது புதுசும் அல்ல. நகரமைப்புப் பட்டம் எதுவும் இல்லாமலே அந்தத் துறையின் பார்வையை மாற்றியவர் ஜேன் ஜேக்கப்ஸ். 2006-இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டு டொராண்டோவில் அவர் நினைவாகத் தெருநடை தொடங்கினார்கள். இப்போது மே மாத முதல் வார இறுதியில் பல நாடுகளில் நடக்கிறது.

உங்கள் தெருவில் நடத்த நினைத்தால் ஒரு தூய்மைப் பணியாளரையும் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். எந்த ஓடை எங்கே அடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கவுன்சிலர் வரட்டும், கேட்பதற்கு. பார்த்ததை அன்றே அளவோடும் படத்தோடும் ஒரே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். மாநகராட்சியின் 52 வார்டுகளுக்கும் 2022 விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. அங்கே கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டா காட்டிய மடையைப் பற்றி நாங்கள் எழுதியதும் ஒரு பக்கம்தான். மூன்று முறை கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆட்கள் வந்து தூர் வாரினார்கள். இப்போது அந்தச் சந்தில் மூன்று ஸ்லாபுகளுக்கு இரும்பு வளையம் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் பிடித்தால் தூக்கி உள்ளே பார்க்கலாம்.