750 இருந்தும் கடன் மறுக்கப்படுவது ஏன்?

வீட்டுக்கடனுக்கோ வாகனக் கடனுக்கோ ஆலோசனை கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் “சிபில் எவ்வளவு இருக்கணும் சார்?” என்பதாகவே இருக்கும். விடையும் அவர்களுக்கே தெரியும். ஒருவர் இதுவரை கடன்களைத் திருப்பிக் கட்டிய விதத்தை ஓர் எண்ணாகச் சொல்லும் கடன் மதிப்பெண்ணைத்தான் ‘சிபில்’ என்கிறார்கள். அதில் 750 என்ற எண் இன்று ரத்தச் சர்க்கரை அளவைப் போல எல்லோர் வாயிலும் புழங்குகிறது. வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் விண்ணப்பங்களைப் பரிசீலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணைப் பார்த்துத்தான் கோப்பைத் திறப்போம், ஆனால் அதன் பின்னால் இருக்கும் கடன் அறிக்கையின் பக்கங்களைப் படித்த பிறகே முடிவை எழுதுவோம்.

763 மதிப்பெண் வைத்திருந்த அரசு ஊழியர் ஒருவரின் விண்ணப்பம் திரும்பிப் போனதையும், 718 மட்டுமே இருந்த மளிகைக் கடைக்காரர் ஒருவருக்குக் கடன் கிடைத்ததையும் பார்த்திருக்கிறேன். முன்னவரின் அறிக்கையில், பல ஆண்டுகளுக்கு முன் பேரம் பேசி முடித்த கிரெடிட் கார்டு கணக்கு ஒன்றுக்கு எதிரே ‘செட்டில்டு’ என்று இருந்தது. பின்னவருக்கு ஓர் இருசக்கர வாகனக் கடனும் ஒரு நகைக்கடனும் தவிர வேறு வரலாறே இல்லை. இருந்த கொஞ்ச வரலாற்றில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. வரலாறு குறுகியதாக இருந்ததால் மதிப்பெண் குறைந்திருந்ததே தவிர, படிக்கிறவர் முகம் சுளிக்கும்படி அதில் ஒரு வரியும் இல்லை.

‘சிபில்’ என்பது உண்மையில், வங்கிகளிடமிருந்து கடன் தகவல்களைத் திரட்டி அறிக்கையும் மதிப்பெண்ணும் தரும் ஒரு நிறுவனத்தின் பெயர். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று டிரான்ஸ்யூனியன் சிபில் என்று இயங்கும் அந்த நிறுவனத்தைத் தவிர, எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய மூன்றும் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடம் அனுமதி பெற்றுச் செயல்படுகின்றன. நான்கும் 300 முதல் 900 வரையிலான அளவையே பயன்படுத்தினாலும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கீட்டு முறையை வைத்திருப்பதால், ஒரே நபருக்கு ஒரே வாரத்தில் ஓரிடத்தில் 740, இன்னோரிடத்தில் 775 என்று காட்டுவது இயல்பு. கைப்பேசிச் செயலியில் பார்த்த எண்ணும் வங்கி மேலாளரின் திரையில் தெரியும் எண்ணும் பொருந்தவில்லை என்று பதறுகிறவர்கள், இரண்டும் எந்த நிறுவனத்தின் மதிப்பெண்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்படியானால் நல்ல மதிப்பெண் என்பது எது? 750 என்ற கோட்டை ரிசர்வ் வங்கி வரையவில்லை. கடன் ஒப்பளிப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் அது விதிக்கவுமில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்ட கொள்கைப்படி தனக்கான கோட்டை வரைந்துகொள்கிறது. பலரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரைந்ததால் அது விதிபோலத் தோற்றம் கொண்டுவிட்டது. சிபில் நிறுவனமே தன் சந்தை ஆய்வுகளில் 731 முதல் 770 வரை உள்ளவர்களை ‘பிரைம்’ என்றும், 771 முதல் 790 வரை ‘பிரைம் பிளஸ்’ என்றும், 791க்கு மேல் ‘சூப்பர் பிரைம்’ என்றும் பிரிக்கிறது. 681 முதல் 730 வரை ‘நியர் பிரைம்’. 735ஐ வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர் உண்மையில் நல்ல வரிசையில்தான் நிற்கிறார். 810ஐ 850 ஆக்க வேண்டும் என்று தேவையில்லாத கடன் அட்டை வாங்குகிறவருக்கோ கூடுதலாகக் கிடைக்கப்போவது ஏதுமில்லை. பெரும்பாலான வட்டி அட்டவணைகளின் உச்சப் படியை அவர் ஏற்கெனவே எட்டிவிட்டார்.

மதிப்பெண்ணின் உண்மையான விலை வட்டியில்தான் தெரியும். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கடனை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 26,035 ரூபாய். அதே கடன் 9 சதவீதம் என்றால் 26,992 ரூபாய். அரை சதவீத வேறுபாடு கடன் முடியும்போது ஏறத்தாழ 2.3 லட்ச ரூபாயாகிவிடுகிறது. 2019 அக்டோபர் முதல் மாறும் வட்டியிலான புதிய வீட்டுக்கடன்கள் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனின் வட்டி) போன்ற, வங்கிக்கு வெளியே முடிவாகும் குறியீடு ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்தக் குறியீட்டின்மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் சதவீதத்தில் கடனாளியின் மதிப்பெண்ணுக்கும் பங்குண்டு. அந்தக் கூடுதல் பகுதியே பல ஆண்டுகள் உடன் வரும் என்பதால், கடன் வாங்கும் நாளில் மதிப்பெண் எந்தப் படியில் இருந்தது என்பது பெரிய விஷயமாகிறது.

இனி அறிக்கைக்கு வருவோம். எண்ணைப் பார்த்துவிட்டு அறிக்கையைத் திறக்காமலே மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கடன் அதிகாரியின் கண் முதலில் போவது ஒவ்வொரு கணக்கின் கீழும் இருக்கும் சிறு கட்டங்களுக்கு. கடந்த 36 மாதங்களில் ஒவ்வொரு மாதமும் தவணை எத்தனை நாள் தாமதமாயிற்று என்பதை அவை காட்டும். 000 என்றால் தாமதமில்லை. 027 என்றால் அந்த மாதம் 27 நாள் நிலுவை. எக்ஸ் என்ற எழுத்து மூன்று முறை இருந்தால் அந்த மாதத்துக்கு வங்கி தகவல் அனுப்பவில்லை, அதனால் அஞ்ச வேண்டியதில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் மருத்துவச் செலவால் இரண்டு மாதம் தவறி அதன்பின் ஒழுங்காகக் கட்டியவரை எந்த அதிகாரியும் புரிந்துகொள்வார். ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று மாதம் தவறாமல் சின்னச் சின்னத் தாமதங்கள் சிதறிக் கிடக்கும் அறிக்கைதான் அவரை யோசிக்க வைக்கும், ஏனெனில் அது கையிருப்பு போதவில்லை என்பதையோ அக்கறை போதவில்லை என்பதையோ காட்டுகிறது. என் அனுபவத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பணமின்மை அல்ல. ஏழாம் தேதி சம்பளம் வருகிறவர் ஐந்தாம் தேதியைத் தவணை நாளாக ஏற்றுக்கொண்டிருப்பார். தவணைத் தேதியை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. கேட்கிறவர்கள்தான் குறைவு.

அடுத்தது கணக்கின் நிலை. ‘குளோஸ்டு’ என்பதற்கும் ‘செட்டில்டு’ என்பதற்கும் பேச்சுவழக்கில் வேறுபாடு தெரிவதில்லை. இரண்டையும் ‘முடிச்சாச்சு’ என்றே சொல்கிறோம். முழுத் தொகையும் கட்டி முடித்தால் முதலாவது. 90,000 ரூபாய் நிலுவைக்கு 40,000 கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம் என்று வசூல் முகவர் சொன்னதை ஏற்றுக் கட்டினால் இரண்டாவது. மிச்சமான 50,000 ரூபாயைக் கடன் கொடுத்தவர் இழந்தார் என்பதே அந்தச் சொல்லுக்கு வங்கிகள் கொள்ளும் பொருள். கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் தகவலைப் பாதுகாக்க வேண்டும் என்பதால், மதிப்பெண் மெல்ல மீண்ட பிறகும் அந்த வரி இருந்துகொண்டே இருக்கும். ‘ரிட்டன் ஆஃப்’ என்பது இன்னும் கடுமையானது. வங்கி தன் கணக்கேட்டில் தள்ளிவைத்துவிட்டது என்பதே அதன் பொருள், கடனாளியின் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்பதல்ல. பழைய நிலுவை ஏதேனும் இப்படி நின்றால், இயன்றால் மீதித் தொகையையும் கட்டி, நிலையை மாற்றித் தருவதாக எழுத்தில் உறுதி பெற்று, நிலுவையில்லாச் சான்றும் வாங்கிக்கொள்வதே சரியான வழி. அதைக் கட்டுவதற்கு முன் பேசி முடிக்க வேண்டும். கட்டிய பிறகு பேச நம்மிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

நம் ஊர்களில் அதிகம் பேரைச் சிக்கவைப்பது ஜாமீன் கையெழுத்து. மைத்துனரின் லாரிக் கடனுக்குப் பிணையாளராகக் கையெழுத்திட்டுவிட்டு அதையே மறந்துபோனவர், சொந்த வீட்டுக்குக் கடன் கேட்கும்போதுதான் அந்த லாரிக் கடன் தன் அறிக்கையிலும் இருப்பதை அறிகிறார். கடன் வாங்கியவர் தவறினால் பிணையாளரின் பதிவும் கெடும். ஒழுங்காகக் கட்டினாலும்கூட, அந்தப் பொறுப்பைச் சில வங்கிகள் பிணையாளரின் கடன் சுமையில் சேர்த்தே பார்க்கின்றன. கல்விக் கடனில் இணைக் கடனாளராக இருக்கும் பெற்றோரின் நிலையும் இதுதான். மகனுக்கு வேலை கிடைக்கத் தாமதமாகி, சலுகைக் காலம் முடிந்து தவணை தொடங்கியதைக் கவனிக்காமல் விட்டால், இருவர் அறிக்கையிலும் ஒரே நாளில் கறை விழும். உறவுக்காகக் கையெழுத்திடுவது அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கடன் கணக்கின் நிலையை மாதம் ஒருமுறை கேட்டறியும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்கும் மைத்துனர்களுக்கும் சொல்லிவருகிறேன்.

கிரெடிட் கார்டில் இரண்டு செய்திகள் போதும். ஒரு லட்ச ரூபாய் வரம்புள்ள அட்டையில் மாதந்தோறும் 80,000 செலவழித்து, கெடு நாளுக்குள் முழுவதும் கட்டிவிடுகிறவருக்குத் தாமதம் ஏதுமில்லை. ஆனாலும் தகவல் அனுப்பும் நாளில் கணக்கில் நிற்கும் தொகையே பதிவாவதால், வரம்பில் பெரும்பகுதியைப் பயன்படுத்துகிறவராக அவர் தோன்றுவார், மதிப்பெண்ணும் சற்று அழுந்தும். வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருங்கள் என்று சொல்வது இதனால்தான். அது சட்டமல்ல, துறையில் நிலைத்துவிட்ட நடைமுறை அளவு. பெரிய செலவு செய்த மாதத்தில் பில் வரும் முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் சிக்கல் தீரும். இரண்டாவது, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது. அது தாமதப் பதிவிலிருந்து காப்பாற்றும், ஆனால் ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டிய வட்டியிலிருந்து காப்பாற்றாது. கந்துவட்டியைப் பழிக்கிறவர்களும் இந்த வட்டியைக் கவனிப்பதில்லை. கெடு நாளை ஓரிரு நாள் மறந்துவிட்டவருக்கு ஒரு சிறு ஆறுதலும் உண்டு: கெடு நாளுக்குப் பின் மூன்று நாட்களுக்கு மேல் நிலுவை நீடித்தால் மட்டுமே அதைத் தாமதமாகப் பதிவுசெய்யலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கடனே வாங்காதவர்களுக்கு மதிப்பெண் இராது. அறிக்கையில் −1 என்றோ வரலாறு இல்லை என்றோ வரும். இதைத் ‘தோல்வி மதிப்பெண்’ என்று எடுத்துக்கொண்டு வருந்தும் இளைஞர்கள் பலர். முதன்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது; அதே ஆண்டு ஆகஸ்டில் மக்களவையில் நிதி அமைச்சகம் அளித்த பதிலிலும் இது எடுத்துச் சொல்லப்பட்டது. மறுக்கப்பட்டவர் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். மாணவரின் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருக்கிறது.

ஆனால் நீதிமன்றங்கள் எப்போதும் கடனாளியின் பக்கமே நிற்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டேட் வங்கியின் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், முந்தைய கடன் நிலுவைப் பதிவுகளைக் காட்டி ரத்து செய்யப்பட்டபோது, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் வங்கியின் முடிவை உறுதி செய்தது. கடன்களை எல்லாம் கட்டி முடித்துவிட்டதாக அவர் வாதிட்டார். கட்டி முடித்ததைத் தாண்டி, கட்டிய விதமும் பார்க்கப்படும் என்பதை வங்கி வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே மாதத்தில் ஐந்தாறு செயலிகளில் கடன் கேட்டுப் பார்ப்பது மதிப்பெண்ணைக் குறைக்கும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பது குறைக்காது. ‘பத்தே நாளில் சிபில் ஏற்றித் தரப்படும்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் பான் எண்ணையும் ஆதார் நகலையும் கொடுப்பவர்கள், தம் பெயரில் இன்னொருவர் கடன் வாங்கத் தாமே கதவைத் திறந்துவிடுகிறார்கள். சரியாகப் பதிவான தகவலை எந்த முகவராலும் அழிக்க முடியாது. தவறாகப் பதிவானதைத் திருத்த முகவரே தேவையில்லை.

தவறுகள் இருக்கவே செய்கின்றன. நம் பெயர்களில் முதலெழுத்து விரியும் விதமும், திருமணத்துக்குப் பின் தந்தையின் முதலெழுத்து கணவரின் முதலெழுத்தாக மாறுவதும், பிறந்த தேதியில் ஓர் இலக்கப் பிழையும் சேர்ந்து, ஒருவரின் கணக்கு வேறொருவர் அறிக்கையில் போய் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. அறிக்கையில் தவறு தெரிந்தால், அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அல்லது கடன் கொடுத்த வங்கியில் முறையிட்டு, முறையீட்டு எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். வங்கி 21 நாட்களுக்குள் திருத்திய தகவலை அனுப்ப வேண்டும். மொத்தமாக 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு முறையிட்டவருக்குச் சேரும். இது 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. 30 நாட்கள் கழிந்தும் பதில் இல்லை என்றாலோ, பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையம் வழியே முறையிடலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. முறையீட்டை முதலில் நிறுவனத்திடம் தந்த சான்று இல்லாவிட்டால் அவர் ஏற்க மாட்டார்.

2025 தொடக்கத்திலிருந்து வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் தகவலைப் புதுப்பித்தாக வேண்டும் என்பதால், திருத்தம் முன்பைவிட விரைவாக அறிக்கையில் ஏறுகிறது. ஆயினும் வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, விற்பவரிடம் கிரய ஒப்பந்தமும் போட்டுவிட்டு, வங்கி மறுத்த பிறகு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்கு இந்த முப்பது நாட்களே பெரும் நெருக்கடியாகிவிடுகின்றன. வீடு பார்க்கத் தொடங்கும் மாதத்திலேயே, கணவன் மனைவி இருவரும் இணைந்து கடன் கேட்பதாக இருந்தால் இருவருடைய அறிக்கைகளையும் எடுத்து, கடைசிப் பக்கம் வரை படித்துவிடுங்கள்.