கிளட்ச் என்னும் விடுபற்றி

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் நாள், பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் சொன்னார்: "கிளட்ச்சை முழுதாகப் பிடியுங்கள் சார், அப்புறம் கியரைப் போடுங்கள்." காலால் மிதிப்பதை இவர் ஏன் பிடிப்பது என்கிறார் என்று அன்று விளங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் அதை இடக்கையால் பிடிக்கிறோம்; அந்த வினையே காருக்கும் வந்துவிட்டது. ஆனால் நாம் பிடிக்கும்போது, உள்ளே எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் தட்டு விடுகிறது. நாம் விடும்போதுதான் அது பிடிக்கிறது. பேச்சில் நாம் சொல்வதும் பொறிக்குள் நடப்பதும் இப்படி எதிரெதிராக இருப்பதால், இந்தச் சொல்லைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக எண்ணிவந்தேன்.

கிளட்ச் என்பது, விரல்களை மடக்கிக் கையை மூடுவதைக் குறித்த ஒரு பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. பிறகு இரையைக் கவ்வும் பறவையின் கூர்நகக் காலுக்கும், அகப்பட்டவரை விடாத பிடிக்கும் பெயரானது. கூந்தலை அள்ளிக் கவ்வும் பல்வைத்த கிளிப்பைக் கடைகளில் 'கிளட்சர்' என்று கேட்கிறார்களே, அதுவும் இதன் கிளைதான். தோளில் மாட்ட வாரில்லாமல் கைக்குள் அடக்கிப் பிடிக்கும் சிறு பையின் பெயரும் அப்படியே. ஒரு பறவை ஒரு முறையில் இடும் முட்டைகளின் தொகுதிக்கும் ஆங்கிலத்தில் கிளட்ச் என்றுதான் பெயர். ஆனால் அது வேறு சொல். முட்டை பொரிப்பதைக் குறித்த பழைய வட ஐரோப்பியச் சொல்லின் வழியில் வந்தது. ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே வேரில் கட்டுவது பிழை.

பொறியின் உறுப்புக்கு இச்சொல் வழங்கத் தொடங்கியது 1814 வாக்கில், ஆலைகளில். மோட்டார் வண்டிக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான். ஆலையில் அதற்கு என்ன வேலை என்பதை நான் சிறுவயதில் எங்கள் ஊர் நெல் அரைவை மில்லில் கண்ணால் கண்டிருக்கிறேன். மேலே நீண்ட இரும்புத் தண்டு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு பட்டை இறங்கி வரும். கீழே இரண்டு சக்கரங்கள் அருகருகே இருக்கும். ஒன்று அரைவைப் பொறியோடு இறுக்கப்பட்டது. மற்றது எதனோடும் சேராமல் வெறுமனே சுழல்வது. மில்காரர் ஒரு கட்டையால் பட்டையை இப்பக்கம் தள்ளினால் நெல் அரைபடும். அப்பக்கம் தள்ளினால் பொறி நிற்கும். எஞ்சினை யாரும் நிறுத்துவதில்லை. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இருந்ததும் இதே ஏற்பாடுதான். பட்டையை வெறும் சக்கரத்திலிருந்து இறுகிய சக்கரத்துக்கு நகர்த்தினால் வண்டி கிளம்பும். அதற்குப் பின் தோல் போர்த்திய கூம்பு வடிவக் கிளட்ச்சுகள் வந்தன. தோல் காய்ந்து விறைத்தால் வண்டி உதறும் என்பதால் விளக்கெண்ணெய் பூசி அதைப் பதமாக வைத்திருந்தார்கள்.

இதே உறுப்புக்கு மற்ற மொழியினர் வைத்த பெயர்களும் கவனிக்கத்தக்கவை. ஜெர்மானியர் 'குப்லுங்' என்கிறார்கள். இணைப்பு என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் இணைப்பதற்கு 'ஆம்ப்ரெயாஜ்' என்றும் பிரிப்பதற்கு 'தெப்ரெயாஜ்' என்றும் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குப் பிடி மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் பிடிப்பதற்காக மட்டும் என்றால் இந்த உறுப்பே தேவையில்லை. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் நான்கு ஆணி போட்டு முடுக்கிவிடலாம். வேண்டும்போது விட முடிகிறது என்பதால்தான் அது அங்கே இருக்கிறது.

தமிழில் உரசிணைப்பி, விடுபற்றி என்று இரண்டு சொற்கள் உலவுகின்றன. எனக்கு ஐயமில்லை, விடுபற்றிதான் சரி. உரசிணைப்பி காரின் கிளட்ச்சுக்குப் பொருந்தும். ஆனால் உரசாமல், பல்லோடு பல் கோத்துப் பற்றும் கிளட்ச்சுகளும் எத்தனையோ பொறிகளில் உண்டு. அவற்றை அது விட்டுவிடுகிறது. மேலும் காரில் கூட உரசல் என்பது கடந்துபோக வேண்டிய ஒரு நொடிதான். அதையே பெயராக வைத்தால் உரசுவதே அதன் தொழில் என்று ஆகிவிடும். விடுபற்றி விடுதலையும் சொல்கிறது, பற்றுதலையும் சொல்கிறது.

பற்று என்னும் வேர் கைத்தொழிலுக்குப் புதிதன்று. கொல்லர் காய்ந்த இரும்பைப் பிடிக்கும் கருவி பற்றுக்குறடு. பொற்கொல்லர் இரு துண்டுகளைப் பொருத்த உருக்கி வைப்பது பற்றாசு. சோறு ஒட்டிய பற்றுப் பாத்திரம்தான் வீட்டுப் பேச்சில் பத்துப் பாத்திரம் ஆயிற்று. தீ பற்றுவதும் இந்த வினையே. இத்தனை நாள் உலோகத்தோடும் சூட்டோடும் புழங்கிய சொல் இந்த உறுப்புக்கு வந்து அமைவதில் வியப்பில்லை. பட்டறையில் போய் 'விடுபற்றித் தட்டு' என்று கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்பவைதான் நிலைத்த பெயர்கள். பாடநூல் எழுதுகிறவர்களும் கையேடு எழுதுகிறவர்களும் விடுபற்றியைப் பயன்படுத்த வேண்டும். 'ஹாஃப் கிளட்ச்' என்று எல்லோரும் சொல்வதற்கு அரைப்பற்று என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. கிளட்ச்சின் ஆயுளே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஃப்ளைவீல். அதன் முகத்தோடு கிளட்ச் பிளேட்டை வைத்து, பின்னாலிருந்து பிரஷர் பிளேட் அழுத்துகிறது. அழுத்தும் விசையைத் தருவது பல இதழ்களாகக் கீறப்பட்ட, குழிந்த தட்டு வடிவ வில். மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து அந்த இதழ்களின் நுனியை அழுத்துகிறது. பிரஷர் பிளேட் பின்வாங்குகிறது. நடுவே இருக்கும் தட்டு விடுபடுகிறது. மிதி முழுதும் மேலே இருக்கும்போது தட்டும் ஃப்ளைவீலும் ஒரே வேகத்தில் ஒன்றாகச் சுழல்கின்றன, தேய்மானம் இல்லை. முழுதும் கீழே இருக்கும்போது இரண்டும் தொடுவதே இல்லை. அப்போதும் தட்டு தேயாது. தேய்வதெல்லாம் இடைப்பட்ட அரைப்பற்றில்தான்.

அங்கே எவ்வளவு சூடு பிறக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள சிறிய கார். முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றும்போது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் நின்ற வண்டியை அந்தச் சுற்றிலேயே எடுத்து, தட்டு முழுதாகப் பற்றும்வரை கிளட்ச்சில் ஏறக்குறைய 1,900 ஜூல் வெப்பமாகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 சுற்றில் வைத்து எடுத்தால் வெப்பம் இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்ப அது கூடும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் இதே காரை, பிரேக் போடாமல், அரைப்பற்றிலேயே உருளாமல் நிறுத்தி வைத்தால் விநாடிக்கு மறுபடியும் ஏறக்குறைய 1,900 ஜூல். 1000 வாட் இஸ்திரிப்பெட்டிகள் இரண்டைத் தட்டின் இருபுறமும் வைத்து அழுத்துவதற்கு நிகரான சூடு அது. மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் ஒரு நிமிடம் அப்படி நின்றால், சமதளத்தில் 60 முறை வண்டியை எடுத்த தேய்மானம் அந்த ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

இந்தக் கணக்குக்குப் பிறகு நான் ஏற்றத்தில் கைப்பிரேக் போடாமல் நின்றதில்லை. பொங்கலுக்கு முந்தின இரவு பெருங்களத்தூரில் ஊர்ந்தவர்களுக்குத் தெரியும், முன்வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகரத்தான் கால் துடிக்கும். அந்த ஓரடிக்கும் ஓர் அரைப்பற்று செலவாகிறது. இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை காத்திருந்து, எடுத்து, மிதியை முழுதாக விட்டு முதல் கியரில் உருளவிடுவது எவ்வளவோ மேல். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதும் அதுதான் வழி. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, காலை மிதியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டாம் கியரில் திணறும் வண்டியைக் கிளட்ச்சால் தாங்கித் தாங்கி வளைப்பவர்களின் வண்டியிலிருந்துதான் பாதி மலையில் கருகல் வாடை வருகிறது.

சிக்னலில் கியர் போட்டபடி மிதியை முழுதும் அழுத்திக்கொண்டு நிற்பது தட்டைத் தேய்க்காது. ரிலீஸ் பேரிங்கையும் இதழ்வில்லையும் வருத்தும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுப்பது நல்லது. ஓடும்போது கால் மிதியின்மேல் சும்மா கிடப்பதும் அப்படித்தான். பாதத்தின் எடையே பேரிங்கை இதழ்களோடு ஒட்டவைத்துவிடும். கொஞ்சம் அழுந்தினால் தட்டின் பிடியும் தளரும்.

மிதி ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். காலுக்குக் கேட்கப் பழக வேண்டும். அழுத்தத் தொடங்கியதும் எதிர்ப்பில்லாமல் கொஞ்சதூரம் இறங்குவது வெற்றசைவு. கிளட்ச் மிதி கேபிளால் இயங்கும் வண்டிகளில் தட்டு தேயத் தேய இந்த வெற்றசைவு குறையும். சரிசெய்யாமல் விட்டால் பேரிங் எப்போதும் இதழ்களைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வண்டி எடுக்கும் இடம் மேலே மேலே ஏறிவருவதும் தேய்மானத்தின் அடையாளம்.

மிதி கனப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலர் இதைக் காலில் வலுக் குறைந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். சுருள்வில் என்றால் தட்டு மெலியும்போது வில் நீண்டு விசை குறையும். இதழ்வில் அப்படியன்று. தட்டு மெலிந்து வில் தன் இயல்பான குழிவை நோக்கித் திரும்பும்போது, ஒரு கட்டம்வரை அதன் விசை கூடுகிறது. எனவே வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மிதி கனத்துவந்தால் தட்டு தேய்ந்திருக்கலாம். திடீரென்று கனத்தால் கேபிள் துருவேறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். அழுத்தியது மெதுவாகத் தானே இறங்கினால் சீல் கசிகிறது. மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் மிதியை அழுத்தியதும் அடங்கினால் கியர்ப்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டில் இருக்கும் பேரிங். நான்காம் கியரில் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடவில்லை என்றால் தட்டு வழுக்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் தள்ளிப்போட்டால் தட்டின் தறையாணிகள் (ரிவெட்டுகள்) வெளிவந்து ஃப்ளைவீலின் முகத்தைக் கீறிவிடும்.

மாற்றும்போது தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லும் மெக்கானிக் உங்களிடம் கூடுதலாகப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று எண்ண வேண்டாம். கியர்ப்பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு. பேரிங்குக்காக அதை இன்னொரு முறை இறக்குவது நட்டம்.

என் காருக்குப் புதிய தட்டு போட்டு எடுத்துவந்த அன்று, பட்டறை வாசலிலேயே எஞ்சின் இரண்டு முறை நின்றுவிட்டது. மிதி மிகவும் இலகுவாகி, பற்றுமிடம் வெகுவாகக் கீழே இறங்கியிருந்தது. என் கால் இன்னும் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் சன்னலருகே குனிந்து சொன்னார்: "அவசரமில்லை சார். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள்."