பூட்டு இருக்கிறது, சக்கரம் எங்கே?

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வெளியே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். யீஷூனோ, பூன் லேயோ, பொங்கோலோ, முன்சக்கரம் இல்லாத ஒரு சைக்கிளோ, சீட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை மட்டும் தெரியும் ஒரு சைக்கிளோ அவ்வப்போது கண்ணில் படும். அதில் பூட்டு போட்டபடியே இருக்கும், ஒரு கீறல்கூட இருக்காது. திருடியவன் அதைத் தொடவே இல்லை, தொட வேண்டிய தேவையும் அவனுக்கு வரவில்லை. நல்ல பூட்டாக வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் பூட்டு எப்படித் தாங்குகிறது, எதைத் தாங்காது, அதற்கு வெளியே என்னென்ன நிற்கின்றன என்று தெரிந்தால்தான் அந்தப் பணத்துக்குப் பலன் கிடைக்கும்.

நம் புளோக்குகளுக்குக் கீழே அதிகம் தென்படுவது பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு. விரல் பருமன் இருக்கும், பார்க்கப் பலமாகத்தான் தெரியும். உறையை உரித்தால் உள்ளே இருப்பது மெல்லிய எஃகுக் கம்பிகளை முறுக்கிய கற்றை. அதை இழுத்து அறுப்பது கஷ்டம், ஏனென்றால் இழுக்கும்போது எல்லாக் கம்பிகளும் சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. தொங்குபாலங்களில் கம்பிக் கற்றைகளைப் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் திருடன் இழுப்பதில்லை, வெட்டுகிறான். வெட்டும்போது ஒரு கம்பிக்கு இன்னொரு கம்பி உதவ முடியாது. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர்தான், அதைத் துண்டிக்கச் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை போதும், கட்டிங் பிளேயரின் நெம்புகோல் அமைப்பு அதையும் எட்டு, பத்து மடங்கு குறைத்துவிடுகிறது, ஆக இரண்டு மூன்று கிலோ அழுத்தத்தில் ஒரு கம்பி போய்விடும், அப்புறம் அடுத்தது. எத்தனை கம்பிகள் இருந்தாலும் திருடன் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கம்பியோடுதான் மோதுகிறான். அதனால் கேபிளை மட்டும் நம்பி சைக்கிளை வெளியே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யூ லாக் எனும் ‘U’ வடிவப் பூட்டில் இருக்கும் திடமான எஃகுத் தண்டு அப்படி இல்லை, அங்கே முழுப் பரப்பையும் ஒரே சமயத்தில் எதிர்கொள்ள வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது, அதனால்தான் 8 மில்லிமீட்டர் தண்டுக்கும் 16 மில்லிமீட்டர் தண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம். பருமன் மட்டும் போதாது, கடினமும் வேண்டும். நீண்ட கைப்பிடிகள் கொண்ட வெட்டும் கருவியான போல்ட் கட்டரின் வாய் கடினமான எஃகு, பூட்டு அதைவிட மென்மையாக இருந்தால் வாய் உள்ளே இறங்கிவிடும். ஆனால் தண்டு முழுவதையும் கடினமாக்கினால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஒரு சுத்தியல் அடியிலேயே விரிசல் விடலாம். எனவே மேற்பரப்பில் மட்டும் கார்பனை ஊறவைத்து, சூடாக்கி, சட்டென்று குளிர்விப்பது ஒரு வழி. கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லாமல் இரும்பு அணுக்களின் அடுக்குக்குள் சிக்கிக்கொள்ள, மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பு வெளிப்புறத்தில் உருவாகிறது. உள்ளே இருக்கும் எஃகு கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. வெளியே வெட்டை எதிர்க்கிறது, உள்ளே அடியை வாங்கிக்கொள்கிறது.

யூ லாக்கின் உள்ளே காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடைவெளி இருந்தால் அதற்குள் ஒரு இரும்புக் குழாயையோ சின்ன ஜாக்கியையோ நுழைத்துப் பிளக்கப் பார்ப்பார்கள். பெரிய யூ லாக் வாங்கினால் எதிலும் மாட்ட வசதி என்று நினைக்கிறோம், அந்த வசதி அவர்களுக்கும்தான். பூட்டு தரையில் படுத்துக் கிடக்கவும் கூடாது. போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, இன்னொன்றின் மேல் முழு உடல் எடையையும் போட அது வழி செய்துவிடும்.

சுழலும் வட்டால் உலோகத்தை அறுக்கும் பேட்டரி கிரைண்டர்தான் இன்றைக்குப் பெரிய எதிரி. 115 மில்லிமீட்டர் வட்டு நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். கடினமான எஃகாக இருந்தாலும் தேய்த்துத் தேய்த்தே அறுத்துவிடும். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து 2020ல் அறிவித்த புரோட்டியஸ் என்ற பொருள் இதற்கு அழகான பதில் சொல்கிறது: அலுமினிய நுரைக்குள் பீங்கான் உருண்டைகளைப் பதித்திருக்கிறார்கள், வெட்ட வரும் கருவி உருண்டையில் மோதியதும் கடுமையாக அதிர்கிறது, அந்த அதிர்வே கருவியின் முனையைத் தேய்த்துவிடுகிறது. கிரைண்டரைத் தாங்கும் பூட்டுகள் இப்போது கடைக்கும் வந்துவிட்டன, ஆனால் கனமும் விலையும் அதிகம். எம்ஆர்டி வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது தீப்பொறி பறக்கக் கத்தும் கிரைண்டரை எடுக்கத் துணிச்சல் வேண்டும், அதனால் சாதாரண சைக்கிளுக்கு நான் இதைப் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன்.

எண் பூட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நான்கு வளையம் என்றால் 10,000 சேர்க்கைகள், யார் உட்கார்ந்து முயல்வார்கள் என்று தோன்றும். ஆனால் மலிவான பூட்டில் வளையங்கள் அச்சுப் பிசகாமல் ஒரே அளவில் செய்யப்பட்டிருக்காது, பூட்டை இழுத்துப் பிடித்தால் நான்கில் ஒன்று மற்றவற்றுக்கு முன்பே இறுகும். அந்த ஒன்றைத் திருப்பினால் சரியான எண்ணில் லேசாக இளகுவது விரலுக்குத் தெரியும், பிறகு அடுத்தது இறுகும். ஒவ்வொரு வளையத்துக்கும் அதிகபட்சம் பத்து முயற்சி, ஆக 10,000 என்பது 40 ஆகச் சுருங்கிவிடுகிறது. சாவிப் பூட்டிலும் அமைப்பைப் பார்க்க வேண்டும். 2004ல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் வட்டச் சாவி யூ லாக்குகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறக்க முடிவது உலகுக்கே தெரியவந்து, அந்த நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் சுழலும் தட்டுகள் கொண்ட பூட்டைத் தேடுங்கள் என்பேன். 1907ல் ஃபின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் கண்டுபிடித்த முறை அது, தட்டுகளைத் தள்ள ஸ்பிரிங்கே கிடையாது, கம்பி விட்டுத் திறப்பதும் கடினம். துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளக் குட்டி ஸ்பிரிங் இல்லாதது நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பெரிய நன்மை.

சரி, பூட்டை எங்கே மாட்டுவது? சைக்கிள் தொழில்நுட்பம் பற்றி இணையத்தில் ஏராளமாக எழுதிவிட்டு 2008ல் மறைந்த அமெரிக்கர் ஷெல்டன் பிரவுன் ஒரு வழி சொன்னார். பின்சக்கரத்தின் ரிம், ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் (சீட்டிலிருந்தும் பெடலிலிருந்தும் பின் அச்சுக்குப் போகும் குழாய்களுக்கு நடுவே) வரும் இடத்தில், ரிம்மையும் ஸ்டாண்டையும் சேர்த்துச் சின்ன யூ லாக்கால் பூட்டுங்கள் என்றார். ஃபிரேமைச் சுற்றி எதுவும் போகவில்லையே என்று முதலில் உறுத்தும். ஆனால் சக்கரம் அந்த முக்கோணத்தைவிடப் பெரியது, அதன் வழியே வெளியே வராது, ஆகவே ஃபிரேமும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறது. ரிம்மை அறுத்தால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. ஒவ்வொரு ஸ்போக்கும் ரிம்மைச் சுமார் 100 கிலோ விசையில் மையத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. 32 ஸ்போக்குகளின் இழுப்பும் சேர்ந்து ரிம்மின் உடம்பில் ஏறத்தாழ அரை டன் அமுக்கமாக மாறுகிறது. ரம்பம் உள்ளே இறங்க இறங்க, வெட்டிய வாய் விரிவதற்குப் பதிலாக மூடி ரம்பத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். முதலில் ஸ்போக்குகளை வெட்டினால் இறுக்கம் தளரும்தான், ஆனால் அது இன்னும் நேரம் பிடிக்கும் வேலை, கடைசியில் கையில் மிஞ்சுவது பாழான பின்சக்கரம். யூ லாக்கில் இடம் இருந்தால் ஃபிரேம் குழாயையும் சேர்த்தே பூட்டிவிடுங்கள், அப்போது கேள்விக்கே இடமில்லை.

இனி முன்சக்கரமும் சீட்டும். இவை இவ்வளவு சுலபமாகப் போவதற்குக் காரணம் குயிக் ரிலீஸ். இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பஞோலோ 1930 வாக்கில் கொண்டுவந்த அருமையான அமைப்பு அது: அச்சின் நடுவே ஒரு மெல்லிய தண்டு, ஒரு முனையில் நட்டு, மறுமுனையில் மையம் விலகிச் சுழலும் ஒரு துண்டோடு கூடிய நெம்பு. நெம்பை மடக்கும்போது அந்தத் துண்டு தண்டை இழுத்து இறுக்கிப் பிடிக்கிறது. பந்தயத்தில் பஞ்சரான சக்கரத்தை ஸ்பேனர் இல்லாமல் நொடியில் மாற்ற இதைவிட நல்ல வழி இல்லை, ஸ்டாண்டில் நாள் முழுக்க நிற்கும் சைக்கிளுக்கு இதைவிட மோசமான வழியும் இல்லை. முதல் வேலையாக நெம்புள்ள தண்டைக் கழற்றிவிட்டு ஆலன் கீ எனும் அறுகோணச் சாவி போடும் தண்டை மாட்டுங்கள், சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும். கையில் கருவி இல்லாமல் சும்மா வந்து போகிறவனை அதுவே நிறுத்திவிடும். அதற்கு மேல் போனால் தனிச் சாவியில் மட்டும் திறக்கும் நட்டுகளும், சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால்தான் திறக்கும் நட்டுகளும் இருக்கின்றன. பின்னதில் புவியீர்ப்பே காவல்: நிமிர்ந்து நிற்கும்போது உள்ளே இருக்கும் சின்னத் துண்டு கீழே விழுந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும், ஃபிரேம் ஸ்டாண்டோடு பூட்டியிருக்கும்வரை யாராலும் சைக்கிளைப் படுக்க வைக்க முடியாது. சீட் போல்ட்டின் ஆலன் ஓட்டைக்குள் பொருந்தும் அளவில் ஒரு சின்ன எஃகு குண்டைப் போட்டு மேலே மெழுகுவர்த்தி மெழுகை உருக்கி ஊற்றிவிடலாம், செலவே இல்லை. தேவைப்படும்போது ஊசியால் மெழுகைக் கிண்டி எடுத்தால் குண்டு வந்துவிடும்.

சைக்கிளை வெளியே விடாமல் இருப்பதும் ஒரு வழிதான். மடக்கும் சைக்கிளை, மடக்கிய நிலையில் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால், எம்ஆர்டியிலும் பேருந்திலும் கொண்டுபோகலாம். வீட்டு வாசல் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் நடைவழி விடுங்கள், தீ விபத்தின்போது பக்கத்து வீட்டுப் பாட்டியும் அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும்.

ஆப்பிளின் ஏர்டேக் போன்ற, இருப்பிடம் காட்டும் கருவியைச் சைக்கிளில் ஒளித்து வைப்பவர்கள் இப்போது அதிகம். அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது, அது புளூடூத்தில் சின்ன சமிக்ஞை மட்டும் அனுப்பும், பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் ஐபோன் அதைப் பிடித்துத் தன் இருப்பிடத்தோடு சேர்த்து அனுப்பும். சிங்கப்பூர் மாதிரி நெருக்கமான ஊரில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உலோகக் குழாய்க்குள் போட்டால் சமிக்ஞை வெளியே வராது, சீட்டின் பிளாஸ்டிக் அடிப்பக்கம் நல்ல இடம். தெரியாமல் ஆட்களைப் பின்தொடர்வதைத் தடுக்க, கூடவே நகரும் கருவியைப் பற்றி அந்த ஆளின் போனுக்கு எச்சரிக்கை போகும்படி செய்திருக்கிறார்கள், அதாவது திருடியவனுக்கும் தெரிந்துவிடும், எனவே தாமதிக்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள், தனியாகத் தேடிப் போகாதீர்கள். போலீஸ் கேட்கும் முதல் விவரங்களில் ஒன்று ஃபிரேம் எண். பெரும்பாலான சைக்கிள்களில் அது பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்பக்கம் பொறித்திருக்கும், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றைத் துடைத்தால் தெரியும், இன்றைக்கே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.