பேக்லிங்க்: பின்னிணைப்பா, வரவிணைப்பா?

சின்னதாக ஒரு தொழில் நடத்தி, அதற்கென்று ஒரு வெப்சைட்டும் வைத்திருப்பவருக்கு இந்த மெயில் எப்படியும் வந்திருக்கும்: ‘உங்கள் சைட் கூகுளில் மேலே வர 500 பேக்லிங்க் வாங்கித் தருகிறோம்.’ அந்த 500-ம் எங்கே இருக்கும், எதில் மாட்டுவார்கள், மாட்டினால் என்ன ஆகும் என்று மெயிலில் ஒரு வரி இருக்காது. சரி, சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

வேறொருவருடைய தளத்தில் இருக்கும் ஒரு லிங்க்கை அழுத்தினால் உங்கள் பக்கம் திறக்கிறது என்றால், அது உங்களுக்கு பேக்லிங்க். அதைப் போட்டவருக்கோ அது வெளியே போகும் ஒரு லிங்க், அவ்வளவுதான். லிங்க் ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. அந்த ‘பேக்’ பெற்றவர் பார்வையில் வந்தது.

லிங்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் சங்கிலியின் ஒரு கண்ணி. அதன் ஜெர்மன் உறவுச்சொல்லான கெலெங்க் என்பதற்கு உடம்பின் மூட்டு என்று பொருள். கண்ணி, மூட்டு இரண்டுமே இரு பக்கமும் பிடித்துக்கொண்டிருப்பவை. வலையில் இருக்கும் லிங்க் அப்படி இல்லை. லிங்க்குகளால் கோத்த எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-ல் அச்சில் கொண்டுவந்த டெட் நெல்சன் இருவழி இணைப்புகளைத்தான் விரும்பினார். ஆனால் 1989-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த திட்டத்திலிருந்து வளர்ந்த வலையில் லிங்க் ஒருவழிப் பாதை. நான் உங்கள் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அது உங்கள் பக்கத்துக்குத் தெரியாது. உங்களுக்கு யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால் வலை முழுக்க ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்து வரவேண்டும்.

அந்த வேலையைத்தான் 1996-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் செய்தார்கள். கூகுள் ஆவதற்கு முன் அதற்கு வைத்த பெயர் பேக்ரப், அதாவது முதுகு தேய்த்துவிடுதல். பேக்லிங்க்குகளை ஆராய்வதால் அப்படி ஒரு குறும்பு. ஆய்வுக்கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று வைத்து மதிப்பிடும் பழக்கம் கல்வியுலகில் முன்பே இருந்தது, அதை இவர்கள் வலைப்பக்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். பேஜ்ரேங்க் என்று பெயர். (இதைத் தமிழில் ‘பக்கத் தரவரிசை’ என்று எழுதும்போது அதிலிருக்கும் பேஜ் என்ற ஆளைத் தொலைத்துவிடுகிறோம், போகட்டும்.) அதன் சாரம் இது: எல்லா லிங்க்கும் சமம் இல்லை. பலர் சுட்டும் ஒரு பக்கம் உங்களைச் சுட்டினால் அதற்கு எடை அதிகம், ஆனால் அந்தப் பக்கம் நூறு பேரையும் சேர்த்துச் சுட்டினால் அந்த எடை நூறாகப் பிரிந்துவிடும். ஆக, யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களில் நூற்றுக்கணக்கான பெயர்களோடு உங்கள் பெயரையும் ஒட்டிவைத்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு அன்றைக்கே கணக்கு இருந்தது. இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது, லிங்க் அவற்றில் ஒன்று.

இனி தமிழ். அகராதியும் கையுமாக உட்கார்ந்தால் பேக் என்றால் பின், லிங்க் என்றால் இணைப்பு, ஆகவே பின்னிணைப்பு என்று இரண்டு நொடியில் முடிந்துவிடும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: புத்தகத்தின் கடைசியில் சேர்க்கும் அட்டவணைகள், படங்கள், கூடுதல் குறிப்புகள் எல்லாம்தான் பின்னிணைப்பு. ‘உங்கள் தளத்துக்குத் தரமான பின்னிணைப்புகள் தேவை’ என்று படிப்பவர், சைட்டின் அடியில் எதையோ சேர்க்கச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார். பொருள் நேர்எதிர், பேக்லிங்க் உங்கள் தளத்தில் இருப்பதே இல்லை.

சுட்டி என்றும் சொல்லலாம். லிங்க்குக்கு அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் கம்ப்யூட்டர் மவுஸையும் சுட்டி என்கிறோம், குறும்புக் குழந்தையும் சுட்டிதான், நெற்றியில் தொங்குவதும் சுட்டிதான். ‘பின்சுட்டி’ என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? உள்வரும் இணைப்பு என்பது பிழையில்லாத சொல், விளக்கம் எழுதும்போது அதையே வைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர குறையில்லை.

என் விருப்பம் வரவிணைப்பு. தொழில் நடத்துபவருக்கு வரவு என்ற சொல்லை விளக்கவே வேண்டாம். வரவு என்றால் வருவது, செலவு என்றால் செல்வது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம் போவதும்தான், பணத்தோடு ஒட்டிக்கொண்டது அப்புறம். வெளியே போகும் லிங்க்கைச் செலவிணைப்பு என்று சொன்னால் இலக்கணப்படி சரி, ஆனால் லிங்க் கொடுத்தால் ஏதோ கைவிட்டுப் போகிறது என்று ஏற்கெனவே பயப்படுபவர்களுக்கு அது இன்னும் பயத்தைக் கூட்டும்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் இங்கே ஆளைக் கவிழ்ப்பது. ‘பேக்லிங்க் வாங்கணும்’ என்கிறோம். வாங்கு என்பது தமிழில் இரண்டுக்கும் பொது. அரிசியும் வாங்குகிறோம், நல்ல பெயரும் வாங்குகிறோம். வரவிணைப்பு இரண்டாவது வகையில் வாங்க வேண்டியது. மெயில் அனுப்புபவர் முதல் வகையில் விற்கிறார். தேடல் வரிசையை ஏற்றுவதற்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குவது கூகுளின் விதிகளுக்கு விரோதம். விளம்பரமாகக் கொடுத்த லிங்க் என்றால் அதை ‘ஸ்பான்சர்டு’ என்றோ ‘நோஃபாலோ’ என்றோ நிரலில் குறித்துவிட வேண்டும். 2012 ஏப்ரலில் கூகுளின் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தபோது இப்படி லிங்க் சேர்த்து மேலே ஏறிய தளங்கள் சடசடவென்று இறங்கின. அதே ஆண்டு அக்டோபரில், ‘இந்த லிங்க்குகளை என் கணக்கில் சேர்க்காதே’ என்று சொல்லவே ஒரு கருவியைக் கூகுள் கொடுத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் வாங்குகிற மாதிரி வாங்குவது எப்படி? தையல் மெஷின் பழுதுபார்க்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் சைட்டில் ‘எங்கள் சேவை சிறந்தது’ என்று இருந்தால் அதற்கு லிங்க் கொடுக்க எவருக்கும் காரணம் கிடையாது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லாரும் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள், ஆனால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலைக் கோத்த விதத்திலோ அதன் இறுக்கத்திலோதான் இருக்கும். இதைப் படம் எடுத்து, படிப்படியாக ஒரு பக்கம் எழுதிப் போடுகிறார். தையல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் தன் பாடத்தில், ‘அடியில் நூல் சிக்குகிறதா? மேல்நூலைச் சரிசெய்வது எப்படி என்று இங்கே இருக்கிறது’ என்று எழுதி, ‘மேல்நூலைச் சரிசெய்வது எப்படி’ என்ற சொற்களில் லிங்க் வைக்கிறார். லிங்க் ஏறி உட்காரும் அந்தச் சொற்களை ஆங்கர் டெக்ஸ்ட் என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கூகுளுக்கும் படிப்பவருக்கும் அவைதான் சொல்கின்றன. ‘இங்கே கிளிக் செய்யவும்’ ஒன்றும் சொல்வதில்லை. இப்படி வந்த ஒன்று அந்த 500-ஐவிட மேல். கூகுளையே மறந்துவிட்டாலும் அந்த லிங்க் வழியாக மெஷின் ரிப்பேர் தேவைப்படுகிற ஆளே வந்துசேர்வார்.

உங்கள் வரவிணைப்புக் கணக்கைப் பார்க்க, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ‘லிங்க்ஸ்’ பகுதியைத் திறந்தால் போதும், இலவசம்தான். எந்தெந்தத் தளங்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்தச் சொற்களில் என்று காட்டும். முன்பின் தெரியாத தளங்கள் சில அதில் இருப்பது சகஜம், அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.