மாட்டைப் புதைக்க முதல் ஒரு படம் எடுங்கள்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி ஆறு பெருகி, எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியது. வடிந்த பிறகு ஒரு மாட்டுப் பட்டிக்காரர் எங்கள் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்று பிரித்துக் காட்டினார். உப்புப் போட்ட மூன்று மாட்டுக் காதுகள், இலக்கத்தகடு அப்படியே இருந்தது. "டொக்டர், எல்லாரும் ஆதாரம் கேக்கிறாங்க, என்னட்ட இதுதான் இருக்கு" என்றார். அவர் பறிகொடுத்தது இருபதுக்கு மேல். தகடு குத்தியிருந்தது அந்த மூன்றுக்கும்தான். அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது?

நிவாரணம் வருகிறதா, எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் மேலே முடிவாகிற விஷயம். ஆனால் வருகிற நிவாரணமும் கைக்கு எட்டாமல் போவது பெரும்பாலும் செத்த மாட்டுக்கு ஆதாரம் காட்ட முடியாத இந்த இடத்தில்தான். எங்கள் மாவட்டத்தில் சிக்கல் இன்னும் கூட, ஏனென்றால் பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப்பக்கத்துக்கும் ஆற்றோரத் தாழ்நிலத்துக்கும் சாய்த்துவிடுகிறோம், வெள்ளம் வருவதும் அதே மாதங்களில்தான். சொந்தக்காரர் ஒரு பக்கம், பட்டி ஒரு பக்கம். செத்த மாடு எங்கே ஒதுங்கியது என்றே பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அறுபது மாடு வைத்திருப்பவர் பதினைந்து என்று பதிகிறார். அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது, ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு மீதி நாற்பத்தைந்துக்காக யாராலும் பேச முடியாது, என்னாலும் முடியாது.

மாடு செத்துக் கிடந்தால் முதலில் ஃபோனை எடுங்கள். காதுத்தகடோ குறிசுட்ட இடமோ தெரிய ஒரு படம், முழு மாடும் கிடக்கும் இடமும் தெரிய இன்னொன்று. அன்றைக்கே கிராம சேவகருக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள். அப்புறம் கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடும் ஆடும் செத்தபோது ஏன் என்று முதலில் விளங்கவில்லை. பரிசோதித்துப் பார்த்த பிறகுதான் குளிர் தாங்காமல் செத்தது தெரிந்தது. அவசரப்பட்டுப் புதைத்துவிட்டால் அதைச் சொல்லவும் வழியில்லை.

தேன்பெட்டி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். தேனீ எங்களிடம் வராது, விவசாயத் திணைக்களத்தின் பொறுப்பு, ஆகவே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் இப்போதே பெட்டிக்கணக்கைக் கொடுத்து வையுங்கள். நம் ஊர்த் தேனீ அடைமழையில் பூ கிடைக்காவிட்டால் கூட்டோடு கிளம்பிவிடும், மிஞ்சுவது வெறும் பெட்டி. அதில் தேனீ இருந்ததை எப்படிக் காட்டுவீர்கள்? மழைக்கு முன் பெட்டிக்குள் இருக்கும் அடைச்சட்டத்தைத் தூக்கி, தேனீ மொய்த்திருக்க ஒரு படம் எடுங்கள். மழை நீண்டால் சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்து உள்ளே வையுங்கள், கூட்டம் நிற்க வாய்ப்புண்டு.

மாட்டுக்காரர்களுக்கு: சிறுபோகம் வெட்டி முடிந்து மாடுகள் வயலில் நிற்கும்போதே சொல்லி அனுப்புங்கள், பட்டிக்கே வந்து தகடு குத்துகிறோம். காட்டுக்குள் சாய்த்த பிறகு எங்களாலும் பிடிக்க ஏலாது.